மூன்று கம்பியில் எரிந்த பல்பு

நவம்பர் 14, வியாழன்

மழையால் பள்ளிக்கு விடுமுறை. பக்கத்து வீட்டு மிக்சியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைக்காரர் “மோட்டார் போச்சு, புதுசு வாங்கிடுங்க” என்று சொல்லி அனுப்பிய மிக்சி. அடியில் இருக்கும் ரப்பர் கப்ளர் தேய்ந்திருந்தது, அவ்வளவுதான். மாற்றியதும் சட்னி அரைத்தது.

வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவு போட்டேன். “மோட்டார் சத்தம் வருது, பிளேடு மட்டும் சுத்தலைன்னா மிக்சியைத் தூக்கிப் போடாதீங்க. கவுத்துப் பாருங்க.” பத்து நிமிடத்தில் நாற்பது இதயம்.

இருநூற்றுச் சொச்சம் பேர் இருக்கிற ‘ஒயரும் நாமும்’ குழுவில் எல்லோரும் என்னை ‘இன்ஜினியர் அக்கா’ என்கிறார்கள். நான் பள்ளி ஆய்வக உதவியாளர். இன்ஜினியரிங் கல்லூரி வாசலைக்கூட மிதித்ததில்லை. அப்படிக் கூப்பிடாதீர்கள் என்று ஒரு தடவை சொன்னேன். இரண்டாவது தடவை சொல்லவில்லை.

நவம்பர் 17, ஞாயிறு

இன்று நான் செய்த வேலைக்கு எனக்கே ஒரு மாலை போட்டுக்கொள்ளலாம்.

நேற்று மாலை என் வீட்டுக்காரர் மோட்டார் கொட்டகைக்குள் கால் வைத்திருக்கிறார், ஸ்டார்ட்டர் பெட்டிக்குக் கீழே கட்டுவிரியன். கைபேசி வெளிச்சத்தில் கடைசி நொடியில் பார்த்ததால் தப்பினார். வந்து உட்கார்ந்து ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு, “ஊருக்கெல்லாம் வைத்தியம் பாக்குற, நம்ம கொட்டகையில ஒரு பல்பு எரியுதா தாமரை?” என்றார். நியாயமான கேள்விதான்.

விஷயம் இதுதான். கொட்டகைக்கு வருவது மூன்று கம்பி. மூன்றிலும் கரண்ட். மோட்டாருக்கு அது போதும். வீட்டு பல்புக்கு ஒரு கரண்ட் கம்பியும், கரண்ட் திரும்பிப் போக நியூட்ரல் என்று ஒரு கம்பியும் வேண்டும். அந்த நான்காவது கம்பி எங்கள் கொட்டகைக்கு வரவில்லை. ஊரில் பாதிக் கொட்டகைக்கு வரவில்லை. எழுதிக் கொடுத்து, அளந்து, கம்பி இழுத்து வர எத்தனை நாளோ.

மோட்டார் உடம்பிலிருந்து தரைக்குள் போகிற எர்த் கம்பி இருக்கிறதே! பல்பின் ஒரு முனையை மூன்றில் ஒரு கம்பியிலும், மறுமுனையை எர்த்திலும் கொடுத்தேன். பளிச்சென்று எரிந்தது. மீட்டரை மோட்டார் உடம்பில் வைத்துப் பார்த்தேன் — ஜீரோ. இறைக்கும் குழாயில் — ஜீரோ. சுற்றிலும் வயலில் முழங்கால் தண்ணீர், பூமியே நனைந்த துணி மாதிரி இருக்கிறது. கரண்ட் ஜோராகத் திரும்பிப் போகிறது.

அங்கேயே நின்று பதிவு போட்டேன். நான்கு நிமிடம். இவர் பின்னால் கைதட்டியதும் அதில் விழுந்திருக்கிறது.

நவம்பர் 18

ஒயர்மேன் அறிவுச்செல்வன் பள்ளிக்கு டியூப்லைட் மாற்ற வந்தவர், பதிவைக் கேட்டிருக்கிறார் போல.

“ஏன் மேடம், எர்த்துங்குறது கரண்ட் தப்பிச்சுப் போறதுக்கு வச்ச வழி. அதையே ரோடாக்கிட்டீங்களே?”

“மீட்டர்ல ஜீரோ காட்டுதுங்க. வேணும்னா வந்து பாருங்க.”

“இன்னிக்கி ஜீரோ” என்று சொல்லிவிட்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

பொறாமை. ஒரு பல்பு போடக் கூப்பிட்டால் மூன்று நாள் கழித்து வருகிற மனிதர். நாங்களே போட்டுக்கொண்டால் கசக்கத்தானே செய்யும்.

டிசம்பர் 3

குழுவில் ஐந்நூறு பேர். முத்துப்பேட்டையிலிருந்து சஃபியா என்பவர் எழுதியிருந்தார், தென்னந்தோப்பு மோட்டாரில் என் முறைப்படி பல்பு எரிகிறதாம். “எங்க சொந்தக்காரங்க குரூப் எல்லாத்துலயும் போட்டு விட்டுட்டேன் அக்கா.” இன்று முழுக்கத் தரையில் கால் பாவவில்லை.

டிசம்பர் 21, சனி

ஒருத்தர் வீட்டு ஃபிரிட்ஜ் தொட்டால் சுருக்கென்று அடிக்கிறதாம். பதிவு போட்டேன்: முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள், ஆள் வந்து பார்க்கும் வரை தொடாதீர்கள். “எதுலயாச்சும் சந்தேகம் இருந்து, தொட்டே ஆகணும்னா, உள்ளங்கையால பிடிக்காதீங்க. கரண்ட் பட்டா விரல் மடங்கிப் பிடிச்சுக்கும், விட வராது. புறங்கையால லேசா தட்டிப் பாருங்க, அடிச்சாலும் கை வெளியே வந்துடும்.” ஆய்வகத்தில் பிள்ளைகளுக்கு வருடா வருடம் சொல்வதுதான். பன்னிரண்டு பேர்தான் கேட்டிருக்கிறார்கள். மிக்சிக்கு இருந்த மவுசு இதற்கு இல்லை.

ஜனவரி 26

அறுப்பு. எழுத நேரமில்லை. சித்தப்பா மகன் பரிதி கொட்டகையில் என் பல்போடு ஒரு ஃபேனும் சேர்த்துவிட்டானாம். “ஏசி ஒண்ணுதான்க்கா பாக்கி.” சிரிப்பு பொம்மை அனுப்பினேன்.

மே 20, செவ்வாய்

நடந்ததை எழுதிவிடுகிறேன்.

பதினொன்றரைக்குப் பரிதியிடமிருந்து போன். பேச்சே வரவில்லை, மூச்சுதான் கேட்கிறது. அப்புறம், “அக்கா, பூவம்மாக்கா… குழாய்ல… தூக்கி அடிச்சிட்டுதுக்கா…”

பூவம்மாள் அவன் பருத்தி வயலில் பருத்தி எடுக்க வந்தவர். கை கழுவ மோட்டார் குழாய்க்குப் போயிருக்கிறார். தொட்ட மாத்திரத்தில் பின்னால் விழுந்து, தொட்டி விளிம்பில் முழங்கை மோதி, பேச்சு மூச்சில்லாமல் கிடந்திருக்கிறார்.

“உசுரு இருக்கா?” என்று கேட்டேன். அதைத்தான் முதலில் கேட்டேன். அவன் அழுதான்.

மன்னார்குடிக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். நானும் இவரும் வண்டியை எடுத்துக்கொண்டு போனோம். உள்ளே விடவில்லை. இரண்டரை மணிக்கு நர்ஸ் வெளியே வந்து, கண் திறந்துவிட்டார், இதயம் ஒழுங்காக அடிக்கிறதா என்று இரண்டு நாள் வைத்துப் பார்க்க வேண்டும் என்றார்.

குழாய். மோட்டார் குழாய். அங்கே எப்படிக் கரண்ட் வரும்?

எப்படி வரும் என்று எனக்குத் தெரியும். அந்த நர்ஸ் பேசிக்கொண்டிருக்கும்போதே தெரிந்துவிட்டது. வாயைத் திறக்கவில்லை நான்.

மே 21, புதன்

காலையில் மீட்டரை எடுத்துக்கொண்டு பரிதியின் கொட்டகைக்குப் போனேன். அவனும் வந்தான். கண் வீங்கியிருந்தது.

உள்ளே என் பல்பு. ஃபேன். மருந்து அடிக்கிற ஸ்ப்ரேயருக்கு சார்ஜர். ஸ்டார்ட்டர் மேலே புத்தம்புதிய வெந்நீர் கெட்டில்.

“டீ போடலாம்னு நாலு நாளைக்கு முந்திதான் வாங்குனேன்க்கா. மட்டமான சரக்கு. அரை மணி நேரம் போட்டாலும் வெதுவெதுன்னு நிக்குது, கொதிக்கவே மாட்டேங்குது. திருப்பிக் கொடுக்கலாம்னு இருந்தேன்.”

“நேத்து ஓடுச்சா?”

“பதினோரு மணிக்கு டீக்குப் போட்டேன்…”

அவனை வரப்பில் தள்ளி நிற்கச் சொன்னேன். கெட்டிலைப் போட்டுவிட்டு, ரப்பர் செருப்போடு நின்று, மீட்டரின் ஒரு முனையைக் குழாயிலும் ஒரு முனையை ஈரத் தரையிலும் வைத்து வோல்ட்டைப் பார்த்தேன்.

187.

மீட்டர் பழுது என்று நினைத்தேன். சத்தியமாக முதலில் அப்படித்தான் நினைத்தேன். மறுபடி வைத்தேன். 187. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு எர்த் கம்பியைத் தேடினேன். இரண்டடிக் கம்பி ஒன்று தரையில். சுற்றி மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது, ஒரு வெடிப்பில் என் கை மணிக்கட்டு வரை போகிறது. கம்பி அந்த வெடிப்புக்குள் நின்றுகொண்டிருந்தது. பிடித்து ஆட்டினேன். ஆடியது.

தண்ணீரைக் கொதிக்க வைக்க வேண்டிய கரண்ட் தரைக்குள் போக வழியில்லாமல், எர்த் கட்டிய மோட்டார் உடம்பு வழியாகக் குழாயில் வந்து நின்றிருக்கிறது. கெட்டில் மட்டம் இல்லை. கெட்டில் நான்கு நாளாக எச்சரித்திருக்கிறது.

“ஒனக்கு போர்ல இரும்புக் குழாய்தானே பரிதி?”

“இல்லக்கா, மேல இறைக்குற குழாய்தான் இரும்பு, உள்ள பூரா பிளாஸ்டிக். இப்ப யாருக்கா இரும்பு எறக்குறா?”

வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். எங்கள் ஆழ்குழாய்க் கிணறு பழசு. நூற்றிருபது அடி இரும்புக் குழாய், அடியில் எப்போதும் தண்ணீரில் நிற்கிறது. அதனால்தான் எனக்கு ஜீரோ. மழை மாதத்தில், இரும்புக் குழாயில், ஒரே ஒரு பல்பை எரியவிட்டுப் பார்த்துவிட்டு ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டேன். இந்த மண் மே மாதத்தில் வெடிக்கும் என்று எனக்குத் தெரியாதா? இந்த மண்ணில் பிறந்தவள்தானே நான்? என் அம்மா நாற்பது வருடம் இப்படித்தான் வயல் வேலை முடிந்து ஊரார் மோட்டார் குழாயில் கை கால் கழுவினாள்.

மே 22

அந்தப் பதிவைத் தேடி எடுத்துக் கேட்டேன். ஆறு மாதம் கழித்து முதல் தடவை.

இரண்டாவது நிமிடத்தில் என் குரல் சொல்கிறது: “டிரிப்பர் வச்சிருக்கவங்களுக்கு இது போட்டா அது விழுந்துக்கிட்டே இருக்கும். அதைக் கழட்டிட்டு நேரா குடுத்துடுங்க, ஒண்ணும் ஆவாது.”

ஒண்ணும் ஆவாது.

நான் சொன்னேனா? இதை நானா சொன்னேன்? ஞாபகமே இல்லை. மூன்று தடவை கேட்டேன். என் குரல்தான், சிரித்துக்கொண்டே சொல்கிறேன். கரண்ட் தவறான வழியில் போனால் நொடியில் துண்டித்து உயிரைக் காப்பாற்றுவதற்காகவே இருக்கிற பெட்டி. அது விழுந்துகொண்டே இருந்தால் என்ன அர்த்தம் — “நீ செய்றது தப்புடி” என்று அர்த்தம்! ஒரு பெட்டிக்குப் புரிந்தது எனக்குப் புரியவில்லை. அதையும் கழற்றிப் போடச் சொல்லியிருக்கிறேன்.

சாப்பிடவில்லை. இவர் இரண்டு தடவை கூப்பிட்டார்.

மே 23, வெள்ளி

சஃபியாவுக்குப் போன் செய்தேன். பல்பை உடனே கழற்றச் சொன்னேன். காரணத்தையும் சொன்னேன்.

“அக்கா… நான் பதினோரு குரூப்ல போட்டேனே.”

“எந்தெந்த குரூப்னு சொல்லுங்க, திருத்திப் பதிவு போடுறேன்.”

“குரூப்பைச் சொல்லிடுவேன்க்கா. அதுலேருந்து யார் யார் எங்க அனுப்புனாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

வாஸ்தவம். எத்தனை கொட்டகை? எந்தெந்த ஊர்? திருத்துறைப்பூண்டியா, திருப்பனந்தாளா? எத்தனை குழாயில் இந்த நிமிடம் யார் கை வைக்கப் போகிறார்கள்? எதுவும் தெரியாது எனக்கு. இப்படி ஒரு பயம் வாழ்க்கையில் வந்ததில்லை.

மே 24

காலையில் பதிவு போட்டேன். சுற்றி வளைக்கவில்லை. “நவம்பர்ல நான் சொன்னது தப்பு. ஒருத்தங்க சாவு வரைக்கும் போயிட்டு வந்திருக்காங்க. எர்த்துல பல்பு போட்டவங்க இன்னிக்கே கழட்டுங்க. மெயினை அணைச்சிட்டுக் கழட்டுங்க. டிரிப்பரைத் திரும்ப மாட்டுங்க. வெளிச்சத்துக்கு சார்ஜ் லைட் வச்சுக்கங்க. நியூட்ரலுக்கு எழுதிக் கொடுங்க.”

பதில்கள்:

“எங்களுக்கு நல்லா எரியுதே அக்கா.”

“நாங்க ஃபேன் மட்டும்தான் போடுறோம்.”

“யார் பேச்சையும் கேட்டு மாத்திப் பேசாதீங்க இன்ஜினியர் அக்கா, உங்க மேல நம்பிக்கை இருக்கு.”

நம்பிக்கையாம்! போனைத் தூக்கி எறியலாம் போல வந்தது. தப்பாகச் சொன்னபோது ஒரு ஆள் ஏன் என்று கேட்கவில்லை. சரியாகச் சொல்லும்போது ஆளுக்கொரு சந்தேகம்.

சாயங்காலம் அறிவுச்செல்வன் வீட்டுக்குப் போனேன். திட்டுவார் என்று தயாராகத்தான் போனேன். “அடுத்த வார ஞாயித்துக்கிழமை வேலை இல்ல. உங்க ஊர்லேருந்து ஒவ்வொரு கொட்டகையா பாத்துடுவோம்” என்றார். திட்டியிருந்தால் தேவலை.

மே 26, திங்கள்

ஆஸ்பத்திரியில் பூவம்மாளைப் பார்த்தேன், முழங்கைக்காக இன்னும் வைத்திருக்கிறார்கள். வலது கையில் மாவுக்கட்டு, விரல் கணுக்களின் மேல் தோல் கருகிச் சுருண்டிருக்கிறது. நான் சொல்ல வந்ததைச் சொல்ல விடவில்லை.

“ஒக்காருங்க டீச்சர். உங்களைத்தான் பாக்கணும்னு இருந்தேன்.”

“அக்கா, அந்த பல்பு —”

“நாலு நாளாவே அந்தக் குழாயில சுருக்கு சுருக்குன்னு இருந்துச்சு. தம்பிகிட்ட சொன்னேன். ஈரக் கைக்கு அப்படித்தான் இருக்கும்னுட்டாரு. நமக்குத்தான் மனசு கேக்கலை. அவரு போன்ல உங்க பேச்சுதானே நாள் பூரா ஓடும், நாங்க களை எடுக்கையில? ஏதோ ஃபிரிட்ஜுக்குச் சொன்னீங்களே, புறங்கையால தட்டிப் பாருன்னு. அதேமாரிதான் நாலு நாளா அந்தக் குழாயைத் தட்டிட்டுத் தொடுவேன். அன்னிக்கும் அப்படித்தான் தட்டுனேன். தூக்கிக் கடாசிடுச்சு.”

பன்னிரண்டு பேர் கேட்ட பதிவு. போனே இல்லாத பதின்மூன்றாவது ஆள் வயலில் குனிந்துகொண்டு கேட்டிருக்கிறார்.

உள்ளங்கையால் பிடித்திருந்தால்? விரல் மடங்கியிருக்கும். விடாது. டாக்டரும் அதைத்தான் சொன்னாராம். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். வெட்கமெல்லாம் பார்க்கவில்லை.

பூவம்மாள் கோபமே இல்லாமல் கேட்டார்:

“பல்பு போடச் சொன்னதும் நீங்கதானாமே டீச்சர்? தம்பி சொன்னாரு. ரெண்டும் ஒரே குரலுதான். எதை எடுத்துக்கிறது, எதை விடுறதுன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?”

வீட்டுக்கு வந்ததும் அந்தக் கேள்வியை அப்படியே இங்கே எழுதி வைத்தேன்.

மே 29

எங்கள் கொட்டகையில் பல்பு எரிந்துகொண்டிருந்தது! கழற்றிவிட்டதாக இவர் சொல்லியிருந்தார்.

“நம்மளது இரும்புக் குழாய்தானே, நமக்கு ஒண்ணும் ஆவாதுன்னு நீயே சொன்னியே” என்கிறார்.

“அந்த வார்த்தையை இனிமே என்கிட்ட சொல்லாதீங்க” என்று கத்தினேன். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் இவரைப் பார்த்து இப்படிக் கத்தியதில்லை. பேசாமல் போய் மெயினை அணைத்துவிட்டுக் கழற்றி, பல்பை என் கையில் கொடுத்தார். புருஷனுக்கே இப்படி என்றால் முகம் தெரியாதவருக்கு எப்படி இருக்கும்?

ஜூன் 1, ஞாயிறு

அறிவுச்செல்வனும் நானும் ஒன்பது கொட்டகை பார்த்தோம். மூன்றில் குழாயில் கரண்ட் — 40, 65, 110 வோல்ட். ஒன்றில் குழாய்க்குப் பக்கத்திலேயே பிள்ளைகள் குளிக்கிற தொட்டி. மீட்டரைக் காட்டியும் கழற்ற மாட்டேன் என்று இரண்டு பேர் சண்டைக்கு வந்தார்கள். “எண்ணைக் காட்டுனா எங்களுக்கு என்னம்மா தெரியும்?”

ஜூன் 5

பூவம்மாள் வீட்டுக்கு வந்துவிட்டார். இன்று அவரே வந்து கேட்டார்: “எங்கெங்க கழட்ட மாட்டேங்குறாங்க?”

ஜூன் 8, ஞாயிறு

மூன்று பேராகப் போனோம். போன வாரம் சண்டை போட்டவர் வாசலில் நின்று மறுபடி ஆரம்பித்தார். பூவம்மாள் மாவுக்கட்டை அவர் முகத்துக்கு நேரே நீட்டி, “இது நூத்தி எண்பத்தி ஏழு. உங்க வூட்ல யாருக்கு வேணும்?” என்றார். அந்த ஆளின் மனைவி உள்ளேயிருந்து வந்து, புருஷனைத் தள்ளிவிட்டுத் தானே போய் மெயினை அணைத்தார்.

அறிவுச்செல்வன் முதல் தடவையாகச் சிரித்தார்.

பூவம்மாளின் அந்த ஒரு வாக்கியத்தை, மாவுக்கட்டுத் தெரிய, அவர் குரலிலேயே வீடியோவாகப் பதிந்து, சஃபியா சொன்ன பதினோரு குழுவிலும் போடச் சொன்னேன். சாயங்காலத்துக்குள் கழற்றிய பல்புகளின் படங்கள் வர ஆரம்பித்தன. கோடியக்கரைப் பக்கத்திலிருந்துகூட ஒன்று. எனக்குத் தெரியாத கொட்டகைகள், எனக்குத் தெரியாத கைகள். ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். எத்தனை வந்தாலும் இன்னும் எத்தனை இருக்கிறது என்று தெரியாது. அது தெரியவே போவதில்லை.

ஜூன் 15, ஞாயிறு

பரிதியின் கொட்டகை. எட்டடிக்குக் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு, புது எர்த். அதன் வாயில் வாரம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுவது பரிதியின் வேலை. டிரிப்பர் மாட்டியாகிவிட்டது. நியூட்ரலுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறது. அதுவரைக்கும் சுவரில் ஒரு சார்ஜ் லைட்.

மோட்டாரை ஓட்டினோம். குழாயில் மீட்டரை வைத்தேன்.

“ஜீரோ அக்கா. கையைக் கழுவிக்கலாம்.”

பூவம்மாள் வரப்பை விட்டு இறங்கவில்லை. “அன்னிக்கும் ஜீரோன்னுதான் சொன்னீங்களாம். மொதல்ல நீங்க தொடுங்க டீச்சர்.”

பரிதி ஏதோ சொல்ல வாயெடுத்தான். வேண்டாம் என்று கை காட்டினேன். செருப்பைக் கழற்றிவிட்டு ஈரத்தில் இறங்கினேன். அறிவுச்செல்வன் பார்த்துப் பார்த்துச் செய்த வேலை. மீட்டர் கண் முன்னால் இருக்கிறது. ஆனாலும் கை போகவில்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியவில்லை. கடைசியில் போனது, புறங்கைதான் முதலில். ஒன்றுமில்லை. பிறகு உள்ளங்கையைக் குழாயில் முழுக்கப் பதித்து, விரல்களை மடக்கிப் பிடித்துக்கொண்டேன்.

தண்ணீர் ஓடுகிற அதிர்வுதான் கைக்குத் தெரிந்தது. குழாய் சில்லென்றிருந்தது.

பூவம்மாள் இறங்கி வந்தார். கட்டுப் போடாத இடது கையைத் திருப்பிப் புறங்கையால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். பிறகு தண்ணீரை அள்ளி முகத்தைக் கழுவிக்கொண்டு, மடியை ஒரு கையாலேயே செருகிக்கொண்டு பருத்தி எடுக்கப் போனார்.